நோய்க்கும் ஒரு முகவரி உண்டு

(வத்தேகமையில் நடைபெற்ற பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஒன்றுகூடலில், தோட்ட மருந்துச்சாலைகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



பொதுச் சுகாதாரம்பற்றி மாணவரிடையே பேசவேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, "கை கழுவுங்கள், நகம் வெட்டுங்கள், நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா?" என்று கேட்டேன். "அதை நாங்களே நாள்தோறும் சொல்லுகிறோம்" என்றார். ஆகவே வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நோயை எண்ணக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம். வைத்தியரிடம் ஒரு நோயாளி போகிறான். அவர் நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், மருந்து எழுதுகிறார். அங்கே அவர் முன் இருப்பவன் ஒருவன்தான். ஆனால் ஒரே கிழமையில் ஒரே ஊரிலிருந்து இருபது பேர் அதே காய்ச்சலோடு வந்தால், நோயாளி யார்? ஊர்தான் நோயாளி. ஊருக்கு நாடி பார்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடைகாணப் பிறந்த சாத்திரத்தை எங்கள் நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் தொற்றுநோயியல் என்று வழங்கிவருகிறது. பெயரிலே தொற்று இருக்கிறதாயினும், தொற்றாத வியாதிகளையும் அது ஆராயும். வடமத்திய மாகாணத்து உழவரை வாட்டும் சிறுநீரக வியாதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. ஆனாலும் அதை ஆராய்வதும் இந்தச் சாத்திரமே.

அதன் வாசலிலே மூன்று கேள்விகள் எழுதப்பட்டிருக்கின்றன. யாருக்கு வந்தது? எங்கே வந்தது? எப்போது வந்தது? ஏன் வந்தது என்பது நான்காவது. நம்மவர்களிற் பலர் நான்காவதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அதனாலேதான் கண்ணூறு, கிரகதோஷம், தெய்வக்குற்றம் என்று அலைகிறார்கள். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். 2020 டிசம்பரில், கொவிட் நோய்க்கு மருந்தென்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்கக் கேகாலையிலே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்களே, அந்தக் கூட்டத்தில் எழுத்தறியாதவர்கள் மட்டுமா நின்றார்கள்?

ஆறு வற்றிய ஆண்டு

உங்கள் கொள்ளுப்பாட்டன்மார் காலத்துக் கதை ஒன்று சொல்லுகிறேன். 1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரையில், மலேரியாக் காய்ச்சலால் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். அன்று இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபது பேருக்கு ஒருவர் ஆகிறது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிகக் கொடுமையாக அடிபட்டன. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தாழ்நிலங்களும் தப்பவில்லை. கொயினா மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக நடந்த இளைஞர்கள் இருந்தார்கள். டாக்டர் என். எம். பெரேரா, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய சூரியமல் இயக்கத்தினர் அப்படி நடந்தவர்களே. பின்னாளில் அவர்கள் அரசியலிற் பெற்ற செல்வாக்குக்கு அந்த நடை ஒரு காரணம் என்பார்கள்.

இதிலே ஒரு புதிர் இருக்கிறது. மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் நுளம்பு என்பதை 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்துவிட்டார். நுளம்பு நீரிலே பிறப்பது. அப்படியானால் மழை பொய்த்த ஆண்டிலே நுளம்பு குறையவேண்டுமல்லவா? ஏன் பெருகியது?

விடை ஆற்றிலே கிடந்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய நுளம்பினம், ஓடாமல் தெளிந்து வெயில்படக் கிடக்கும் நீரை நாடுவது. மகாவலியும் மா ஓயாவும் தெதுறு ஓயாவும் பெருக்கெடுத்து ஓடும் ஆண்டுகளிலே அதன் குடம்பிகளை வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். ஆறு வற்றியபோது, பாறையிடுக்குகளிலும் மணற்குழிகளிலும் எண்ணற்ற குட்டைகள் தேங்கின. குட்டை ஒவ்வொன்றும் ஒரு தொட்டிலாயிற்று. இன்னொன்றும் சேர்ந்தது. வரண்ட வலயத்துச் சனங்கள் ஆண்டுதோறும் மலேரியாவோடு வாழ்ந்து ஓரளவு தாங்குசக்தி பெற்றிருந்தார்கள். ஈரவலயத்தாருக்கு அது இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தினால் வயிறும் ஒட்டிக்கிடந்தது. யாருக்கு, எங்கே, எப்போது என்ற மூன்றையும் அடுக்கிய பிறகுதான் ஏன் என்பது தானாகத் தலைகாட்டிற்று. உயரமான மலைத்தோட்டங்கள் பெரும்பாலும் தப்பியதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் அந்த நுளம்பு செழிப்பதில்லை.

அந்தக் கதையின் பின்பாதியையும் கேளுங்கள். டி.டி.ரி. தெளித்து, நோயாளரைத் தேடித்தேடிக் கண்டு, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வெற்றி கிட்டியதென்று தெளிப்பதை விட்டார்கள், தேடுவதும் தளர்ந்தது. 1969இல் மாத்திரம் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். மறுபடி தொடங்கி, போர்க்காலத்திலும் விடாமல் உழைத்து, 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவருமில்லை என்ற நிலைக்கு வந்து, 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். 17க்கும் 5 இலட்சத்துக்கும் இடையே இருந்தது ஆறே ஆண்டு. எண்ணுவதை நிறுத்தியவர்கள் கொடுத்த விலை அது.

என் பதிவேடு

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். பெரியவர்கள் தங்கள் வெற்றிகளை மேடையிலே சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அத்தகைய வெற்றி அதிகமில்லை.

1974ஆம் ஆண்டு. உணவுத் தட்டுப்பாடு நாட்டை உலுக்கிய காலம். தோட்டங்களிலே சாவு பெருகியது. பாணுக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் சனங்கள் பட்ட பாட்டை இங்கே இருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். நான் அப்போது மீசை முளைத்த புதுப் பையன். வத்தேகமைக்கு மேலே, பன்விலைப் பக்கத்து மலையில் ஒரு தோட்ட மருந்துச்சாலையிலே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்த ஆண்டின் மழைக்காலத்தில் சீதபேதி வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வரிசையாக வந்தார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பதிவேட்டிலே எழுதி, இருந்த மருந்தைக் கொடுத்தனுப்பினேன். மூன்று கிழமை இப்படியே எழுதினேன். அழகான கையெழுத்து என்று பெரிய துரையே பாராட்டியிருந்த பதிவேடு அது. அந்த மூன்று கிழமையில் மூன்று பிள்ளைகள் இறந்துபோயின.

ஒருநாள் பிள்ளைக்காம்பராவைப் பார்க்கும் ஆயா ஒருத்தி, எழுத்தறியாத கிழவி, மருந்துப் போத்தலை வாங்கிக்கொண்டு நின்றபடியே சொன்னாள்: "ஏங்க ஐயா, மேல் லயத்துப் புள்ளைங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களே. அந்தப் பீலித்தண்ணி குடிக்கிற பணிய லயத்துக்குத்தானுங்களே வருது."

அவள் போனபின் பதிவேட்டைப் புரட்டினேன். எல்லாம் அதிலே இருந்தது. பெயர் இருந்தது, திகதி இருந்தது, தகப்பன் பெயரும் கங்காணி பெயரும் இருந்தன. ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்து லயம் லயமாகப் பிரித்து எழுதியிருந்தால், முதற்கிழமையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதினேன், எண்ணவில்லை. கிழவி எழுதவில்லை, எண்ணியிருக்கிறாள்.

பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தோம். ஊற்றுக் கண்ணுக்குச் சற்று மேலே மாட்டுப்பட்டியும், மழையில் நிரம்பி வழியும் ஒரு மலகூடக் குழியும் இருந்தன. மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரத் தாமதித்தது. அதற்குள் வாசல்கூட்டியும் நானும் இரண்டு இளைஞருமாக மூங்கிற் பீலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேல் லயத்து நீரைச் சுமந்து வரச் செய்தோம். கிழமை ஒன்றிலே நோய் தணிந்தது.

பீலியைப் பிடுங்கியதாலேதான் தணிந்ததா? மாணவர்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். எனக்கு நிச்சயமில்லை. தானாகவே தணியத் தொடங்கியிருக்கலாம். இத்தகைய ஐயம் எனக்கு மட்டும் வந்ததன்று. 1854இல் இலண்டன் மாநகரில் புரோட் வீதியைச் சூழ்ந்து வாந்திபேதி தாக்கியபோது, டாக்டர் ஜோன் ஸ்னோ வீடு வீடாகச் சென்று இறந்தவர்களை எண்ணி, அவர்களிற் பெரும்பாலோர் ஒரே குழாய்க்கிணற்று நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். அருகிலிருந்த ஏழைகள் விடுதியிலே நூற்றுக்கணக்கானோர் இருந்தும் சிலரே இறந்தார்கள்; அங்கே தனிக்கிணறு இருந்தது. செப்டெம்பர் 8ஆந் திகதி அந்தக் குழாயின் கைபிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்ததென்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தன் வெற்றியின்மேல் தானே ஐயம் எழுப்பியவர் அவர். அதனாலேதான் அவர் சொல்லை உலகம் பிறகு நம்பிற்று.

எண்ணும்போது ஒரு பிழை நேரும். அதையும் சொல்லிவிடுகிறேன். மேல் லயத்திலே 8 பேருக்கு நோய், கீழ் லயத்திலே 12 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். எங்கே நோய் அதிகம்? "கீழ் லயம்" என்று கையுயர்த்துகிறீர்கள். மேல் லயத்தில் இருப்பவர் 40 பேர், கீழ் லயத்தில் 120 பேர் என்றால்? இப்போது கைகள் இறங்குகின்றன! ஐந்திலொருவருக்கு நோய் வந்த இடமே பத்திலொருவருக்கு வந்த இடத்தைவிட ஆபத்தானது. நோயாளரை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு. நோய் வராதவர்களையும் எண்ணவேண்டும். மருந்துச்சாலைக்கு அவர்கள் வருவதில்லை. நீங்கள்தான் தேடிப்போகவேண்டும்.

முகவரி எங்கே?

இங்கே வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இருக்கிறீர்கள். உங்கள் காதிலும் ஒரு செய்தி விழவேண்டும்.

வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், டெங்கு, எலிக்காய்ச்சல் முதலிய நோய்களைக் கண்ட வைத்தியர் அதனைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தே ஆகவேண்டும். 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படை. எச் 544 என்றொரு படிவம் நிரப்பப்படுகிறது. அதிலே நோயாளியின் முகவரி எழுதப்படும். அதைக் கையிலே எடுத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டைத் தேடிப் போவார். நீர், மலகூடம், நுளம்பு பெருகும் இடம் எல்லாவற்றையும் பார்ப்பார். பக்கத்து வீட்டாரை விசாரிப்பார். கிழமைதோறும் மாவட்டவாரியாக இக்கணக்குகள் தொகுக்கப்பட்டுத் தொற்றுநோயியற் பிரிவின் வாராந்த அறிக்கையாக வெளிவருகின்றன. இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. இதனைக் குறைகூற நான் வரவில்லை.

ஆனால் தோட்டத்துப் பிள்ளையின் படிவத்திலே என்ன முகவரி எழுதுவார்கள்? தோட்டத்தின் பெயரை எழுதுவார்கள். மிஞ்சினால் மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று எழுதுவார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே முகவரி! லயத்துக்கு எண் இல்லை. காம்பிராவுக்கு எண் இல்லை. பாதைக்குப் பெயர் இல்லை. கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயத்திலே கிடக்கும் என்று காலங்காலமாக முறையிட்டு வருகிறோம். நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்தி வந்து வேலையை இழந்த இளைஞரின் கதைகளை இந்தச் சபையிலேயே கேட்கலாம். வேலை போனதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. முகவரி இல்லாத இடத்திலே நோயையும் தேடிப் பிடிக்க முடியாது. நகரத்திலே ஒருவருக்கு டெங்கு வந்தால் எந்த வீதி, எந்த இலக்கம் என்று வரைபடத்திலே புள்ளி வைக்கலாம். தோட்டத்திலே வந்தால் புள்ளியை மலை முழுவதற்கும் பூசவேண்டியிருக்கும்.

2016இல் அரசாங்கமே நடத்திய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலே நூற்றுக்கு 32 பேர் வரையில். இந்த எண் எங்களுக்கு அவமானமன்று, எங்கள் ஆயுதம். "தோட்டத்துப் பிள்ளைகள் நலிந்திருக்கிறார்கள்" என்று ஆயிரம் மேடையிலே அழுதாலும் கேளாத காது, 17 என்றும் 32 என்றும் பக்கத்துப் பக்கத்திலே எழுதிவைத்தால் சற்றே திரும்பும். தோட்டம், கணக்கு, லயம் என்று அந்த எண்ணைப் பிரித்துக் கேளுங்கள். கிடைக்காது. பிரித்து எண்ண முகவரி இல்லை.

கொழுக்கிப்புழுவும் மலகூடமும்

எண்ணினால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. இருப்புப்பாதையில் நமக்கு அடுத்த பெரிய ஊரான மாத்தளையிலே அதற்குச் சான்று இருக்கிறது. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதியிலேதான் தொடங்கினார்கள். சோதித்த தொழிலாளரிற் பெரும்பான்மையோரின் குடலிலே புழு இருந்தது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் புழு அது. தேயிலைக்காட்டில் வேலை செய்பவனைச் சோம்பேறி என்று திட்டிய துரைமாருக்கு, அவன் உடம்பிலே இரத்தமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. சில மாதங்களின்பின் சோதித்தால் மறுபடியும் புழு! மலகூடம் இல்லாத இடத்திலே மண்ணிலிருந்து புழு திரும்பி ஏறிவிட்டது. மலகூடம் கட்டுங்கள் என்றபோது, செலவு யாருடையது என்ற வழக்குத் தொடங்கிற்று. ஓர் எண் சொல்லுவதை யார் செலவிலே செய்வது என்ற அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இந்த அனுபவங்களுக்குப் பின்னரே, ஒரு பிரதேசத்தின் நோய்த்தடுப்பு வேலைகளையெல்லாம் ஒரே அதிகாரியின் பொறுப்பிலே வைக்கும் முறை 1926இல் களுத்துறையிலே தொடங்கியது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு வித்து அதுவே.

விவசாயிகள் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2008இல் இந்நாட்டில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலால் பீடிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். கண்டி, மாத்தளை மாவட்டங்களும் கடுமையாக அடிபட்டன. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலே, காலிற் கீறலோடு இறங்குபவரை அந்நோய் பற்றும். வயலில் இறங்கும் பருவத்திலே கிழமைக்கொரு தடவை உட்கொள்ளும் தடுப்பு மருந்தைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஆலோசனையோடு இலவசமாகக் கிடைக்கும். காய்ச்சலும் தசைநோவும் கண்டு வைத்தியசாலைக்குப் போனால், "வயலிலே இறங்கினேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வைத்தியருக்கு அந்த ஒரு வார்த்தை இரத்தப் பரிசோதனைக்குச் சமானம். பல உயிர்கள் அது சொல்லப்படாததாற் போயிருக்கின்றன.

செய்யவேண்டிய வேலை

இனி மாணவர்களுக்கு. இந்தப் பள்ளியிலே மருத்துவம் படிக்கப்போகிறவர்கள் இரண்டொருவரே இருக்கலாம். நான் கேட்கும் வேலைக்கு வைத்தியராகவேண்டியதில்லை.

நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் லயத்தையோ கிராமத்தையோ வரைபடமாக வரையுங்கள். எல்லாக் காம்பிராக்களுக்கும் எண் இடுங்கள். பீலி, கிணறு, தாங்கி, மலகூடம், மாட்டுப்பட்டி, குப்பைமேடு, தண்ணீர் ஓடும் திசை எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். பாதிக் கணக்கு வேண்டாம். யாருக்காவது நோய் வந்தால் ஒரு புள்ளி வையுங்கள். பெயரை எழுதக்கூடாது. கொவிட் காலத்திலே நோயுற்ற வீட்டைச் சுட்டிக்காட்டி ஒதுக்கிய கொடுமையை நாம் கண்டிருக்கிறோம். ஒதுக்கினால் நோயாளி ஒளிந்துகொள்வான். ஒளிந்த நோயை எண்ண முடியாது.

இன்னொரு பொக்கிஷம் இப் பள்ளியிலேயே பூட்டிக்கிடக்கிறது. அதுதான் வரவுப் பதிவேடு. பிள்ளை வராத நாளிலே வகுப்பாசிரியர் சிவப்புமையால் ஒரு கோடு போடுகிறார். திங்கட்கிழமை ஒரே லயத்துப் பிள்ளைகள் ஐவர் வரவில்லையென்றால், வைத்தியசாலைக்குச் செய்தி போவதற்கு மூன்றுநாள் முன்பாகவே பள்ளிக்கூடத்துக்கு அது தெரிந்துவிடுகிறது. கொழுந்து மும்முரத்துக்காகத் தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றார்களா, காய்ச்சலால் நின்றார்களா என்று விசாரித்து எழுதுங்கள். கிழமைதோறும் பதிவேட்டைப் பார்க்க அனுமதிப்பதாகத் தலைமையாசிரியர் எனக்குச் சொல்லியிருக்கிறார். உங்கள் முன்னிலையில் அதை நினைவூட்டுகிறேன்.

படங்கள் முடிந்ததும் நகல் எடுத்து, ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், ஒன்றைத் தபாலதிபருக்கும், ஒன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். கடிதத்தைச் சட்டத்தரணி நண்பர்கள் எழுதித் தரவேண்டும். காம்பிராக்களுக்கு இட்ட எண்ணைப் பிள்ளைகள் இட்டதென்று தள்ளிவிட்டால், "சரி, நீங்கள் இடுங்கள்" என்று கேட்போம்.

கோட்டுத்தாளும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன். வாசலண்டை மேசையில் இருக்கின்றன. பணிய லயத்துப் பிள்ளைகள் முதலில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.